முகச் செம்மையின் அளவை
கன்னங்களிலும் மூக்கின் மேலும் நீங்காத செம்மையாகத் தோன்றி, சிலருக்குக் கொப்புளங்களையும் கண்ணெரிச்சலையும் உண்டாக்கும் ரோசேசியா என்னும் சரும வியாதியை அளக்க இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமையால், வைத்தியரின் பழகிய கண்ணே அதற்குப் பிரதான கருவியாகிறது. அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் கூட்டிய நிபுணர் குழு, 2002-இல் நோயை நான்கு வகையாகப் பிரித்து, 2004-இல் அதன் முக்கிய லட்சணங்களுக்கு இன்மை, லேசு, மத்திமம், தீவிரம் என்று படிகள் வகுத்தது. ஆயினும் ஒரே முகத்தில் பல வகைகளும் கலந்து காணப்படுவதால், 2017-இல் வகைகளை விடுத்து லட்சணங்களையே தனித்தனியே நோக்கும் முறைக்கு நிபுணர்கள் மாறியது மிக நியாயமான காரியம். கறுத்த மேனியில் செம்மை எளிதில் புலப்படாதாகையால், நிறத்தை மட்டும் நம்பும் அளவை நம்மவரின் நோயைக் குறைத்தே மதிப்பிடக்கூடும். ஆதலின் எரிச்சலையும் சூட்டையும் நோயாளி சொல்லக் கேட்டு, அவருடைய மனக்கிலேசத்தையும் வைத்தியர் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.