விளக்கு எரிந்தால் வண்டி என்ன சொல்கிறது?

காரின் முகப்புப் பலகையில் என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு எரிந்தால், காரணம் அறியப் பணிமனைக்குச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், விளக்கு எரியும்போதே வண்டியின் கணினி ஓர் எழுத்தும் நான்கு எண்களும் கொண்ட குறியீடு ஒன்றைத் தன் நினைவகத்தில் பதிந்துவிடுகிறது. அதைப் படித்துக்காட்டும் கருவி இன்று சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கிறது. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளின்கீழ், 2010-இல் தொடங்கி 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டத்தை எட்டியது, 'ஓபிடி' எனப்படும் இந்தத் தற்பரிசோதனை ஏற்பாடு. ஆகவே அதற்குப் பின் தயாரான பெட்ரோல், டீசல் கார்களில் ஸ்டியரிங்கிற்குக் கீழே 16 முனைகள் கொண்ட இணைப்புத்துளை ஒன்றைக் காணலாம். கருவியைச் செருக வேண்டிய இடம் அதுவே.

மிக மலிவானது, புளூடூத் வழியாகக் கைபேசியுடன் இணையும் சிறு செருகி. ஈஎல்எம்327 என்ற சில்லின் பெயரில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை போலிகள். சில வண்டிகளில் இயங்கும், சிலவற்றில் பாதியில் தொடர்பறும். ஐபோன் வைத்திருப்போர் அதற்கு ஏற்ற வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். பழைய புளூடூத் செருகிகள் அதனுடன் இணைவதில்லை. தனித்திரை கொண்ட கையடக்கக் கருவிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் கைபேசியும் செயலியும் தேவையில்லை. வீட்டுப் பயன்பாட்டிற்கு இதுவே ஏற்றது என்பது எம் கருத்து. ஏபிஎஸ், காற்றுப்பை ஆகியவற்றின் பழுதுகளைச் சாதாரணக் கருவிகள் படிப்பதில்லை. அதற்கு உங்கள் வண்டியின் மாடலைப் பெயர் சொல்லி ஆதரிக்கும் விலையுயர்ந்த ஸ்கேனர் வேண்டும். ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு அச்செலவு பெரும்பாலும் வீண்.

எதை வாங்கினாலும், குறியீட்டை மட்டும் காட்டுவதோடு நின்றுவிடும் கருவியைத் தவிர்த்துவிடுங்கள். காரணம் இதுதான்: குறியீடு அறிகுறியைச் சொல்லுமே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்லாது. பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இதைக் கண்டதும் ஆக்சிஜன் உணரியை மாற்றிவிடுவோர் உண்டு. ஆனால் விரிசல் கண்ட ரப்பர் குழாய், அழுக்கேறிய காற்றளவு உணரி, தளர்ந்த எரிபொருள் பம்பு இவற்றுள் எதுவும் காரணமாகலாம். குறையைக் கண்டு சொன்ன உணரியே பலியாகிறது. பணமும் போகிறது, விளக்கும் மீண்டும் எரிகிறது.

என்ஜின் ஓடும்போதே அளவுகளைக் காட்டும் நேரடித் தரவு வசதி இங்குதான் உதவுகிறது. காற்றளவு உணரி உள்ள வண்டியில், கணினி கூடுதலாகச் செலுத்தும் எரிபொருளின் விழுக்காடு ஐடில் ஓட்டத்தில் மிகுந்தும், வேகம் கூட்டினால் குறைந்தும் காணப்பட்டால் காற்றுக்கசிவை ஐயுறலாம். வேகம் கூடக்கூட அதுவும் ஏறினால் பம்பையோ வடிகட்டியையோ பார்க்க வேண்டும். பழுது பதிவான நொடியில் வேகம், வெப்பம் முதலியவை எவ்வாறு இருந்தன என்பதைச் சேமித்துக் காட்டும் 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' வசதியும் இருத்தல் நலம்.

குறியீட்டை அழிக்கும் பொத்தானும் கருவியில் இருக்கும். அழிப்பதற்கு முன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேம் பதிவும் உடன் மறைந்துவிடும். விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் கருவியைத் தேட வேண்டாம். எரியாத பெட்ரோல் வெளியேறிப் புகைவடிகட்டியான கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சிதைக்கக்கூடும் என்பதால் வண்டியை ஓரங்கட்டுவதே சரி.

பழைய கார் வாங்கக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வாடிக்கையாளர்களுக்கு இக்கருவி வேறொரு வகையிலும் பயன்படும். விலை பேசுமுன், விற்பவரின் அனுமதியுடன் செருகி, 'மானிட்டர்' எனப்படும் தற்சோதனைகள் நிறைவடைந்துள்ளனவா என்று பாருங்கள். குறியீடுகளை அழித்தால் அவை அனைத்தும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கும். விளக்கு எரியவில்லை, ஆனால் சோதனைகள் பல முற்றுப்பெறவில்லை என்றால், அண்மையில் யாரோ நினைவகத்தை அழித்திருக்கலாம். பேட்டரி கழற்றப்பட்டிருந்தாலும் அப்படி நேரும் என்பதால் உடனே குற்றம் சாட்ட வேண்டியதில்லை. அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தைப் பல கருவிகள் காட்டும். அது 20 கிலோமீட்டர் என்றால், முன்பணம் கொடுக்குமுன் இன்னும் சில நாள் வண்டியை ஓட்டிப்பார்க்கக் கேளுங்கள்.