பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் ஒதுக்கவேண்டிய பணம்

பிரித்தானியாவில் வாழும் எம் இளைஞர் சிலரிடம் ஓர் ஆசை காணப்படுகின்றது. புதிதாக வாங்க எண்ணியும் பார்க்க முடியாத ஸ்போர்ட்ஸ் கார், ஒரு லட்சம் மைல் ஓடிய பின்னர் சாதாரண குடும்பக் காரின் விலைக்கு வந்துவிடுகின்றது. 1996 முதல் 2004 வரை வெளிவந்த போர்ஷே பொக்ஸ்ரர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆசையை நாம் குறை கூறவில்லை. இருபது வயதில் ஆசைப்படாமல் வேறு எப்போது ஆசைப்படுவது? சீட்டெடுத்த பணம் முழுவதையும் விற்பவர் கையில் கொடுத்துவிட்டு வருவதைத்தான் வேண்டாம் என்கின்றோம்.

காரின் விலை இறங்கலாம். உதிரிப்பாகங்களின் விலையும் திருத்துநரின் கூலியும் அவ்வாறு இறங்குவதில்லை. பிறேக்கும் ரயரும் மாற்றும்போது போர்ஷேயின் கணக்கிலேயே பணம் கொடுக்க வேண்டும்.

இவையாவது சிறு செலவுகள். இக்காரின் இயந்திரத்துள் இடைத்தண்டு ஒன்றைத் தாங்கும் பெயரிங் உண்டு. அது உடைந்தால் பெரும்பாலும் இயந்திரமே பாழாகிவிடும். அதை மாற்றுவதற்குக் கியர்ப்பெட்டியைக் கழற்ற வேண்டும். கிளச் மாற்றுவதற்கும் அதையே கழற்ற வேண்டும். ஆகவே இரண்டையும் ஒன்றாகச் செய்வித்தால் கூலி ஒருமுறையோடு போய்விடும். கிளச் எப்போது மாற்றப்பட்டது, அப்போது பெயரிங்கும் மாற்றப்பட்டதா, பற்றுச்சீட்டு உண்டா என்று விற்பவரைக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையெனில் அந்த வேலை நடக்கவில்லை என்றே கணக்கிடுங்கள்.

எம்.ஓ.ரி. சான்றிதழைக் காட்டி "எல்லாம் சரி" என்பார்கள். அச்சோதனை இயந்திரம், கிளச், கியர்ப்பெட்டி ஆகியவற்றின் நிலையைப் பார்ப்பதேயில்லை. ஆயினும் அரசாங்க இணையத்தளத்தில் காரின் இலக்கத்தைக் கொடுத்தால், முன்னைய சோதனைகளின் பெறுபேறுகளும் அவ்வேளை ஓடியிருந்த மைல்களும் இலவசமாகக் கிடைக்கும். பிறேக் தேய்ந்துவருகின்றது எனச் சென்ற ஆண்டு எச்சரித்திருந்து, அது இன்னும் மாற்றப்படவில்லையெனில், அச்செலவு உங்கள் தலையில்தான்.

கையில் 6000 பவுண் இருந்தால் 4000 பவுணுக்கு மேற்பட்ட காரைப் பார்க்க வேண்டாம் என்பது நம் கருத்து. மிகுதி 2000 பவுணை வீட்டுச் செலவோடு கலக்காமல் வையுங்கள். காப்புறுதி இதற்குப் புறம்பானது. இளைஞர்களுக்கு அது காரின் விலையோடு போட்டியிடக்கூடும் என்பதால் அதை முதலிலேயே விசாரியுங்கள்.

முற்பணம் கொடுக்குமுன், போர்ஷே வேலை தெரிந்த திருத்துநர் ஒருவரைக் கொண்டு காரை உயர்த்திப் பார்ப்பியுங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் வேறு காரைப் பாருங்கள்.