மழையில் கெச்சிக்கன்

கப்பல் அலாஸ்காவின் கெச்சிக்கனில் நின்றபோது கொட்டுகொட்டென்று மழை. அம்மாவுக்கு முட்டிவலி. "உள்ளேயே இருந்திடலாமா?" என்றேன். "இவ்ளோ தூரம் வந்துட்டு எதுக்குடா?" என்றார்.

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, இங்கே 3,500க்கும் மேல். பசிபிக்கின் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி மேலேறி, குளிர்ந்து கொட்டுகிறது. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைக் கதைதான்.

குடையோடு மெதுவாக டோட்டம் ஹெரிட்டேஜ் சென்டர் போனோம். ட்லிங்கிட், ஹைடா மக்கள் 19ஆம் நூற்றாண்டில் செதுக்கிய சிடார் மரத்தூண்கள். அழுகலைத் தடுக்கும் வேதிப்பொருள் அந்த மரத்திலேயே உண்டு. ஆனாலும் மழை விடாது. அதனால்தான் பழைய ஊர்களிலிருந்து கொண்டுவந்து கூரைக்குள் வைத்திருக்கிறார்கள். மரத்தை வளர்த்ததும் மழை, தூணை அரித்ததும் மழை.

அம்மா ஒரு தூணையே ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கும் வயசாயிடுச்சு. ஆனா நிக்குது பாரு."