பிள்ளைக்கு உடம்பு கொதிக்கும் ராத்திரி

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறிவிடும். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் வீட்டில் என்ன செய்யலாம் என்றுதானே கேட்டீர்கள்? முதலில், பிள்ளைக்கு எத்தனை மாதம்? மூன்று மாதம் நிறையவில்லை என்றால் வீட்டு வைத்தியப் பேச்சே வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. அந்த வயதில் ரத்தத்தில் கிருமி பரவினாலும், மூளைக்காய்ச்சலே வந்தாலும், வெளியே தெரிவது சில நேரம் காய்ச்சல் ஒன்றுதான். அத்தனை சின்னப் பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டுப் போவதும் அதே அளவு ஆபத்து. தடுப்பூசி போட்ட அன்று வரும் காய்ச்சல் மட்டும் வேறு கதை. அதற்கு எதை, எவ்வளவு கொடுப்பது, எதுவரை பொறுப்பது என்று ஊசி போடும் நர்ஸம்மாவிடமே கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூன்று மாதம் தாண்டிய பிள்ளை என்றால் நிதானமாகப் பேசலாம்.

நெற்றியில் கை வைத்து 'நெருப்பாகக் கொதிக்கிறது' என்று சொல்வது போதாது. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அக்குளில் வேர்வை இருந்தால் துடைத்துவிட்டு, நுனி தோலோடு ஒட்டும்படி வைத்து, பிள்ளையின் கையை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தம் வந்ததும் எடுக்கலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது உடம்பின் உள்சூட்டை வைத்து மருத்துவர்கள் போட்ட கோடு. அக்குளில் அதைவிடக் குறைவாகத்தான் காட்டும். அங்கே 99.5-ஐத் தாண்டினாலே காய்ச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக 98.6-க்கு மேல் ஒரு புள்ளி ஏறியதும் பதற வேண்டாம். அந்த எண் 1868-ல் ஜெர்மனி மருத்துவர் வுண்டர்லிஷ் தன் புத்தகத்தில் எழுதிப் பரவிய சராசரி. பிள்ளைக்குப் பிள்ளை அது மாறும், காலைக்கும் சாயங்காலத்துக்கும்கூட மாறும்.

காய்ச்சல் வருவது எப்படி? கிருமி நுழைந்ததும் உடம்பில் சில ரசாயனங்கள் சுரந்து, மூளைக்குள் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடத்துக்குத் தகவல் போகிறது. ஏசி ரிமோட்டில் 24-ஐ 27 ஆக்குவதுபோல அந்த இடம் அளவை உயர்த்திவிடுகிறது. அந்த அளவை எட்டும்வரை உடம்பு தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும். உடம்பு கொதிக்கும்போதே பிள்ளையின் கைகால் சில்லென்று இருப்பதும், நடுங்குவதும் அதனால்தான்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டால் தோல் மட்டும்தான் குளிரும். உள்ளே வைத்த அளவு அப்படியே இருப்பதால் உடம்பு இன்னும் நடுங்கிச் சூட்டை ஏற்றப் பார்க்கும். பிள்ளை வீறிடுவதுதான் மிச்சம். வெதுவெதுப்பான நீரில் துடைப்பதால் கெடுதல் இல்லை. பிள்ளைக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள், அழுதால் விட்டுவிடுங்கள். ஸ்வெட்டர், குல்லா, அதற்கு மேல் கம்பளி என்று மூட்டை கட்டுவது இன்னும் மோசம், வெளியேற வேண்டிய சூடும் உள்ளேயே தங்கிவிடும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். மின்விசிறி மெதுவாக ஓடட்டும்.

பாராசிட்டமால் அந்த உயர்ந்த அளவை இறக்கும் மருந்து. கிருமியை அது ஒன்றும் செய்யாது. அதனால் 101 காட்டினாலும் பிள்ளை சிரித்து விளையாடிக்கொண்டு, பாலும் குடித்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. சிணுங்கிக்கொண்டு, தூங்காமல் தவித்தால் கொடுங்கள். தூங்குகிற பிள்ளையை மருந்துக்காக எழுப்பாதீர்கள்.

சரி, எவ்வளவு கொடுப்பது? மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது. ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். எட்டு கிலோ பிள்ளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம். இனி பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். டிராப்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஒரு வகை 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகை 5 மில்லிக்கு 250. பெயர் ஒன்று, டப்பாவின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எட்டு கிலோ பிள்ளைக்கு 120 சிரப் என்றால் 5 மில்லி. அதே மருந்து டிராப்ஸில் ஒரு மில்லியும் சொச்சமும்தான். 'போன தடவை 5 மில்லி கொடுத்தோமே' என்று டிராப்ஸை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகும், ஈரலுக்கு ஆபத்து. டாக்டர் சீட்டில் 'இத்தனை மில்லி' என்று எழுதியிருந்தால் எந்த பாட்டிலுக்கு என்பதையும் கேட்டு வாங்குங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வரும் அளவுக்குழாய்தான் சரி. இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள், ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் போகாதீர்கள். கொடுத்த நேரத்தைக் காலண்டர் தாளிலாவது குறித்து வையுங்கள். பத்து மணிக்கு அம்மா கொடுத்தது தெரியாமல் பதினொன்றுக்கு அப்பா கொடுப்பது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அந்த மருந்துகளை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே வேண்டாம்.

பாட்டிமார் கோபித்தாலும் பரவாயில்லை, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். கற்பூரம் கைக்குழந்தைக்கு ஜன்னியையே வரவழைக்கும். ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது. ஆறு மாதத்துக்குள் கஷாயம், வெந்நீர் எதுவும் வேண்டாம். தாய்ப்பாலை மட்டும் வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். பல் முளைப்பதால் 102 வரும் என்பதையும் நம்ப வேண்டாம்.

ஜன்னி என்றதும் வயிறு கலங்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும், மூளைக்குக் கெடுதல் செய்யாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்து, இரும்பு எதையும் கொடுக்க வேண்டாம். வாயில் ஸ்பூன், தண்ணீர், மருந்து எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சீக்கிரமே நின்றாலும் முதல் தடவை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

தெர்மாமீட்டரில் எண் குறைவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, மூச்சு வாங்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உச்சிக்குழி புடைத்திருப்பது, ஏழெட்டு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல் துணி காய்ந்தே கிடப்பது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். டெங்கு பரவும் மழைக்காலத்தில் காய்ச்சல் விட்ட பிறகுதான் சில பிள்ளைகளுக்கு நிலைமை மோசமாகும். அதனால் சூடு இறங்கியும் சோர்வு போகவில்லை என்றால் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோஃபென் கொடுக்கவும் வேண்டாம், டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

சளி இல்லை, இருமல் இல்லை, காய்ச்சல் மட்டும் விடவில்லையா? சிறுநீரில் தொற்று இருக்கலாம். பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். போகும்போது மருந்து பாட்டிலையும் நேரம் குறித்த அந்தத் தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். 'என்ன கொடுத்தீர்கள், எப்போது கொடுத்தீர்கள்' என்றுதான் முதலில் கேட்பார்.