நிகழ்பட ஆட்டங்களும் ஆடுவோர் கருத்தும்

நிகழ்பட ஆட்டத்தை (வீடியோ கேம்) ஆடுபவர் அதன் குறைநிறைகளை உருவாக்குநருக்குத் தெரிவிப்பது ஆடுவோர் கருத்து எனப்படும். ஆட்டம் முழுமை பெறும் முன்பே அதை விற்பனைக்கு விட்டு, ஆடுவோர் சொல்வதைக் கேட்டுத் திருத்தும் முறையும் உண்டு. பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டுடியோஸ் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆட்டத்தை 2020 அக்டோபரில் இவ்வாறு வெளியிட்டது. முழு ஆட்டம் 2023 ஆகஸ்டில்தான் வந்தது.

‘மோசம்’ என்ற ஒற்றைச் சொல்லால் பயனில்லை. விடைத்தாளில் ‘சரியில்லை’ என்று மட்டும் சிவப்பு மையில் எழுதினால் மாணவர் எதைத் திருத்துவார்? கைபேசியின் மாதிரி, ஆண்ட்ராய்டுப் பதிப்பு, ஆட்டத்தின் பதிப்பு, எந்தக் கட்டத்தில் எதை அழுத்தியபோது என்ன நேர்ந்தது, மறுபடி செய்தாலும் நேர்கிறதா என்பவை வேண்டும். ‘கடினம்’ என்பதைவிட, ‘மூன்றாம் கட்டத்தில் பாலத்தைத் தாண்ட முடியாமல் பத்து முறை தோற்றேன்’ என்பது மேல். தீர்வை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தமிழ் ஆடுவோர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழை ஒன்று உண்டு. ஒருங்குறியில் ‘கெ’ என்பது முதலில் ககரமாகவும் பிறகு ஒற்றைக்கொம்பாகவும் பதிவாகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யாத ஆட்டங்களில் ‘கொள்ளிடம்’ என்ற சொல்லின் முதலெழுத்தே சிதைந்து, கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் தொங்கும். ‘ஸ்ரீரங்கம்’ என்பதில் ஸ்ரீ ஓரெழுத்தாகச் சேராமல் இரண்டாகப் பிரிந்து நிற்கும். திருச்சி மாணவருக்குப் பார்த்தவுடன் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்கு இரண்டு வடிவமும் ஒன்றுதான்.

முதலில் அதே சொல்லைக் கைபேசியின் குறுஞ்செய்தியில் தட்டச்சு செய்து பார்க்க வேண்டும். அங்கே சரியாகத் தெரிந்தால் கோளாறு கைபேசியில் இல்லை, ஆட்டத்தில்தான். பிழையான திரைப்படத்தை வட்டமிட்டு, சரியான வடிவத்தின் படத்தையும் அருகில் வைத்து, எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பலாம். இலக்கணம் பற்றிய கூச்சம் வேண்டாம், படமே பாதி சொல்லிவிடும். ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் இந்த எழுத்துக் கோப்பு வேலையைச் செய்கிறது என்றும் குறிப்பிடலாம்.

அனுப்பும் படத்தில் தொலைபேசி எண்ணோ பிறருடைய செய்தியோ தெரிந்தால் மறைத்துவிட வேண்டும். அடுத்த பதிப்பு வந்ததும் அதே இடத்தைத் திறந்து பார்த்து, சரியாயிற்றா இல்லையா என்று மறுபடி ஒரு வரி எழுதுவது பலரும் விட்டுவிடும் வேலை.