வீரரைப் போற்றுவோரும் வீரரைப் படைத்தோரும்

2012-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு பழைய செக்கு ஏலத்திற்கு வந்தது. 1938-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் டிடெக்டிவ் காமிக்ஸ் என்னும் கம்பெனியார் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு வாலிபர்களுக்குக் கொடுத்த செக்கு அது. மொத்தத் தொகை 412 டாலர். அதில் 130 டாலர், 'சூப்பர்மேன்' என்னும் வீரன்மீது அவ்விருவருக்கும் இருந்த சகல பாத்தியதைகளுக்கும் கிரயம். மிச்சம் வேறு வேலைகளுக்குக் கூலி. வாலிபர்களின் பெயர்கள்கூட அதிலே பிழையாக எழுதப்பட்டிருந்தன. அந்தக் காகிதத் துண்டு 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று! விற்றவர்களுக்குக் கிடைத்ததைக் காட்டிலும், விற்றதற்குச் சாட்சியாக நின்ற செக்குக்கு ஆயிரம் மடங்குக்கு மேல் விலை கிடைத்ததென்றால், அவ்வீரனிடம் ஜனங்கள் வைத்திருக்கும் அபிமானம் எத்தகையது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

'காமிக்ஸ் என்பது பிள்ளைகள் படிக்கும் படக்கதையாயிற்றே. தேச காரியங்களை ஆராயும் இப்பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை?' என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்வி புதிதன்று. 1954-ம் வருஷத்தில் வெர்த்தாம் என்னும் மனோதத்துவ வைத்தியர், இக்கதைகள் சிறுவர்களைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் எழுதினார். அமெரிக்க செனட் சபையின் கமிட்டி விசாரணை செய்தது; பிரசுரகர்த்தர்கள் பயந்து தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை ஏற்படுத்திக்கொண்டார்கள். பிற்காலத்தில் வெர்த்தாமின் காகிதங்களைப் பரிசோதித்த கரோல் டில்லி என்ற பேராசிரியை, அவர் சிறுவர்களின் வாக்குமூலங்களைத் தமக்கு வேண்டியவாறு வெட்டியும் ஒட்டியும் மாற்றியிருந்ததை 2012-ல் எடுத்துக் காட்டினார். அது நிற்க. நாம் இங்கே பேசப் புகுவது கதைகளின் யோக்கியதையைப் பற்றியன்று. உழைத்தவன் ஒருவன், உரிமை மற்றொருவனுக்கு என்ற பழைய வழக்கு இத்தொழிலில் எவ்வாறு நடந்தது, அதில் வெறும் வாசகர்களாகிய ரசிகர்கள் என்ன செய்தார்கள் என்பதே நமது விஷயம். தொழிலாளர் நியாயத்தில் சிரத்தையுள்ளவர்கள் இதை அற்பமென்று தள்ளமாட்டார்கள்.

சீகலும் ஷஸ்டரும் ஓஹையோ மாகாணத்துக் கிளீவ்லாந்து நகரத்தவர். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே விஞ்ஞானக் கதைகளில் பித்துக் கொண்டவர்கள். 1933-ல், பொருளாதார மந்தத்தால் நாடே வாடிக்கொண்டிருந்த காலத்தில், தாங்களே ஒரு சிறு கையச்சுப் பத்திரிகை நடத்தினார்கள். சூப்பர்மேன் என்ற பெயர் முதலில் வெளிவந்தது அதிலேதான். அக்கதையில் அவன் ஒரு துஷ்டன். பின்னர் அவனை ஏழைகளுக்கு இரங்கும் வீரனாக்கி, பத்திரிகை பத்திரிகையாக அலைந்தார்கள். ஐந்து வருஷ காலம் அவனை வாங்குவாரில்லை. ஆகவே சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஆதியில் ரசிகர்களே என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1938-ல் 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 10 சென்ட் விலைக்கு வெளிவந்தது. அப்புறம் நடந்தது உலகம் அறிந்ததே. வானொலி, சினிமா, விளையாட்டுச் சாமான்கள் என்று கம்பெனிக்குப் பணம் கொட்டிற்று. படைத்தவர்கள் பக்கத்திற்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேலைக்காரர்களாகவே இருந்தார்கள். 1947-ல் அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நியூயார்க் நியாயஸ்தலம் 1938-ம் வருஷத்து எழுத்தே செல்லும் என்றது. அடுத்த வருஷம் ஏறக்குறைய 94,000 டாலருக்கு ராஜி ஏற்பட்டது. அதில் பெரும்பகுதி வழக்குச் செலவிலே கரைந்தது. அதோடு அவர்களுடைய வேலையும் போயிற்று. கதையின் தலைப்பில் அச்சிடப்பட்டு வந்த அவர்கள் பெயர்களும் போயின.

நியாயஸ்தலங்களில் பழகிய நமக்கு இத்தீர்ப்பு ஆச்சரியமளிக்கவில்லை. பொருளுக்கு ஏற்ற விலை கொடுக்கப்பட்டதா என்று ஆங்கிலச் சட்ட மரபு விசாரிப்பதில்லை. விலை என்று ஏதேனும் ஒன்று கொடுக்கப்பட்டதா என்றுதான் விசாரிக்கும். நமது 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவும் அவ்வாறே சொல்கிறது. கிரயம் மிகவும் சொற்பமாயிருந்தால், மனப்பூர்வமான சம்மதம் இருந்ததா என்று ஆராய இடமுண்டு என்ற ஒரு சிறு கருணையை மட்டும் அது காட்டுகிறது. ஐந்து வருஷம் கதவு கதவாகத் தட்டிக் களைத்தவர்கள் 130 டாலருக்குக் கையெழுத்திட்டதை மனப்பூர்வமான சம்மதம் என்பது சட்டத்தின் பார்வை. கதையைப் படித்துக் களித்தவனுக்கும் அதே பார்வை இருக்க வேண்டுமென்பதில்லை.

படித்துக் களித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட விதம் சுவையானது. 1960-ம் வருஷத்தை ஒட்டி, ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற பத்திராதிபர் வாசகர் கடிதங்களை வெளியிடும்போது, எழுதியவரின் முழு விலாசத்தையும் சேர்த்துப் போடலானார். (இவரும் வாலிபத்தில் விஞ்ஞானக் கதை ரசிகர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவரே.) ஆங்காங்கே தனித்தனியாக இருந்தவர்கள் தமக்குள் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். 1961-ல் டெட்ராயிட் நகரத்துப் பேராசிரியர் ஜெர்ரி பெயில்ஸ் என்பவர் 'ஆல்டர் ஈகோ' என்னும் சிறு பத்திரிகையை நகல் யந்திரத்தில் அச்சடித்து அனுப்பினார். 1964-ல் நியூயார்க்கில் ரசிகர்கள் கூடினார்கள். 1970-ல் ஸான் டியாகோவில் ஆரம்பமான கூட்டம் இன்று லட்சத்திற்கு மேற்பட்ட ஜனங்கள் திரளும் திருவிழாவாக வளர்ந்திருக்கிறது.

இவர்கள் கூடிப் பேசியதெல்லாம் எந்த வீரனுக்குப் பலம் அதிகம் என்பதைப் பற்றித்தானா? அதுவும் பேசினார்கள், ரசிகர்களின் பேச்சில் பாதி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் 'இதை எழுதியவர் யார்? வரைந்தவர் யார்?' என்ற கேள்வியையும் அவர்கள் கேட்டார்கள். கம்பெனிகள் பெயர் போடாமல் வெளியிட்ட பழைய இதழ்களைப் புரட்டி, கோட்டின் போக்கைக்கொண்டு சித்திரக்காரரை அடையாளம் கண்டு, பட்டியல் தயாரித்தார்கள். சம்பளமில்லாத இந்தக் கணக்கு வேலையினால்தான் பில் பிங்கர் என்பவரின் பெயர் வெளிவந்தது.

பேட்மேன் என்னும் வௌவால் வீரன் 1939-ல் தோன்றினான். பாப் கேன் என்ற சித்திரக்காரர் கம்பெனியோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அவர் ஒருவரே படைத்தவர் என்று பல வருஷ காலம் அச்சாகி வந்தது. உண்மையில் அவ்வீரனுக்குக் கூரிய காதுகளையுடைய முகமூடியையும், சிறகு போன்ற மேலங்கியையும், இருண்ட வர்ணத்தையும் யோசனை சொன்னவரும், புரூஸ் வெயின் என்ற பெயரையும் காதம் என்ற நகரத்தின் பெயரையும் வைத்தவரும், முதல் கதையை எழுதியவரும் பிங்கரே. 1965-ல் பெயில்ஸ் அவரைக் கண்டு பேசி, உண்மையை ரசிகர்களுக்குள் எழுதிப் பரப்பினார். கேன் கோபங்கொண்டு நீண்ட மறுப்புக் கடிதம் எழுதினார். பிங்கர் 1974-ல் வறியவராக மாண்டார். ஆயினும் ரசிகர்கள் மறக்கவில்லை. மார்க் டைலர் நோபிள்மன் என்னும் நூலாசிரியர் பல வருஷம் துப்புத் தேடி, பிங்கரின் பேத்தி ஒருவர் இருப்பதைக் கண்டுபிடித்து, 2012-ல் நூலும் வெளியிட்டார். 2015-ல் கம்பெனி இணங்கியது. அதுமுதல் பேட்மேன் படங்களில் கேனுடன் பிங்கரின் பெயரும் காண்கிறது. ரசிகரின் முதற் கட்டுரைக்கும் கம்பெனியின் சம்மதத்திற்கும் இடையே சென்ற காலம் சரியாக 50 வருஷம்!

சூப்பர்மேனின் விஷயத்தில் நியாயம் சற்று விரைந்து வந்தது. 1975-ல் அவ்வீரனைப் பற்றிப் பெரும் பொருட்செலவில் சினிமாப் படம் எடுக்கப்போவதாகச் செய்தி வந்தபோது, சீகல் லாஸ் ஏஞ்சலஸில் குமாஸ்தாவாக இருந்தார். ஷஸ்டர் ஏறக்குறையக் கண்பார்வை இழந்து சகோதரர் வீட்டில் இருந்தார். புதிதாகத் தொடுத்த வழக்கிலும் அவர்கள் தோற்றிருந்தார்கள். மனம் நொந்த சீகல், படத்தைச் சபித்து நீண்ட அறிக்கையொன்றைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்ஸன் என்ற இரண்டு சித்திரக்காரர்கள் முன்வந்து, பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் விஷயத்தைக் கொண்டுபோனார்கள். நியாயஸ்தலத்தில் செல்லாத வாதம் ஜனங்களிடம் சென்றது. அவ்வருஷம் டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. இருவருக்கும் ஆளுக்கு வருஷம் 20,000 டாலர் உபகாரச் சம்பளம். கதையிலும் படத்திலும் அவர்கள் பெயர். சட்டப்படி ஒரு காசுகூடக் கொடுக்கக் கடமையில்லாத கம்பெனி இதற்கு இசைந்ததன் காரணம், சூப்பர்மேனை நேசிக்கும் குடும்பத்தார் தியேட்டருக்குப் போகும் வழியில் முகம் சுளிக்கக்கூடாதே என்ற கவலையன்றி வேறில்லை.

இத்துணை சொன்னதால் ரசிகர் கூட்டம் எப்பொழுதும் தர்ம தேவதையின் பக்கமே நிற்கும் என்று நாம் சாதிக்க வரவில்லை. 1988-ல் பேட்மேனின் துணைவனான ராபின் என்னும் சிறுவன் சாக வேண்டுமா, பிழைக்க வேண்டுமா என்று கம்பெனியார் டெலிபோன் மூலம் ஓட்டெடுத்தார்கள். ஓர் ஓட்டுக்குக் கட்டணம் 50 சென்ட். சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. 72 ஓட்டு வித்தியாசத்தில் சிறுவன் கொல்லப்பட்டான். கற்பனைப் பிள்ளைதானே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அவனை விரும்பாதவர்கள் காசு கொடுத்துக் கொன்றார்கள் என்பது மனத்தை உறுத்தத்தான் செய்கிறது. பிற்காலத்தில், கதை தம் இஷ்டப்படி செல்லவில்லையென்று எழுத்தாளர்களைக் கண்டபடி ஏசி மிரட்டுகிறவர்களும் தோன்றியிருக்கிறார்கள். 'இவ்வீரன் என்னுடையவன்' என்று ரசிகன் சொல்லும்போது, அதில் அன்பும் இருக்கிறது. எஜமானனின் அகம்பாவமும் இருக்கிறது. பிந்தியது மேலோங்கினால் கம்பெனிக்கும் அவனுக்கும் என்ன பேதம்? இருவரும் எழுத்தாளனைக் கூலியாளாகவே பார்க்கிறார்கள்.

வழக்கு முடிந்துவிடவும் இல்லை. ஹிட்லர் முகத்தில் குத்து விடும் காப்டன் அமெரிக்காவை, அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு ஒரு வருஷம் முன்பே ஜோ ஸைமனுடன் சேர்ந்து படைத்தவர் ஜாக் கர்பி. தாம் கையால் வரைந்த மூலப் படங்களைத் திரும்பப் பெறுவதற்கே அவர் பல வருஷம் போராட நேர்ந்தது. சக சித்திரக்காரர்களும் வாசகர்களும் விண்ணப்பம் எழுதிக் கிளர்ச்சி செய்த பிறகு, 1987-ல் ஒரு பகுதி மட்டுமே அவர் கைக்கு வந்தது. நமது காலத்தில் எட் புரூபேக்கர் என்பவர், தாம் ஸ்டீவ் எப்டிங்குடன் 2005-ல் உருவாக்கிய 'விண்டர் ஸோல்ஜர்' என்னும் பாத்திரத்தை வைத்து எடுத்த படத்தில் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார். அந்த வேடத்திற்காகக் கிடைத்த பணம், பாத்திரத்தைப் படைத்ததற்காகக் கிடைத்ததைவிட அதிகம் என்று 2021-ல் பகிரங்கமாகச் சொன்னார். நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது; கதை எழுதுகிறவர்களுக்கு இல்லை. இதற்குமேல் வியாக்கியானம் வேண்டியதில்லை.

தமிழ் வாசகர்களும் இவ்விஷயத்திற்கு முற்றும் புறம்பானவர்களல்லர். 1972-ல் சிவகாசியிலிருந்து தோன்றிய முத்து காமிக்ஸ் வழியாக 'இரும்புக்கை மாயாவி' நம் பிள்ளைகளின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டான். இன்று தலை நரைத்தவர்கள் பலர் அப்பெயரைக் கேட்டால் முகம் மலர்வார்கள். அவனை வரைந்தவர் யார் என்றால் எத்தனை பேர் சொல்வார்கள்? பார்ஸிலோனா நகரத்து ஜெஸூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய சித்திரக்காரர் அவர். 1962-ல் லண்டனில் ஆரம்பமான 'வாலியண்ட்' வாரப் பத்திரிகைக்காக அதை வரைந்தார். அக்காலத்து ஆங்கில வாரப் பத்திரிகைகளில் சித்திரக்காரரின் பெயரைப் போடும் வழக்கமில்லை. அங்கேயே காணாத பெயர் சிவகாசிக்கு எப்படி வந்து சேரும்? மாயாவி மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரிய உலாவுவான். அவனை வரைந்தவருக்கோ அந்தக் கைகூடத் தெரியவில்லை.

முதல் சூப்பர்மேன் கதையின்மீது கம்பெனிக்குள்ள பதிப்புரிமை, அமெரிக்கச் சட்டப்படி 95 வருஷம் கழிந்து, 2033-ம் வருஷ முடிவில் காலாவதியாகிறது. 2034 ஜனவரி 1-ந் தேதி முதல் அந்நாட்டில் எவரும் அதை அச்சிடலாம். அந்த வீரனை வைத்துப் புதுக்கதை எழுதலாம். கம்பெனியின் வியாபாரக் குறிகளை மட்டும் தொடலாகாது. அன்றைக்கு அச்சிடுகிறவர்கள் எவரும் 1975-ம் வருஷத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களாக இருக்கமாட்டார்கள். தலைப்பில் சீகல், ஷஸ்டர் என்ற இரண்டு பெயர்களைப் போடும்படி அவர்களை நியாயஸ்தலத்திற்கு இழுக்க ஒருவருக்கும் பாத்தியதை இராது. புத்தகத்தைக் கையிலெடுத்து, முதல் பக்கத்தில் அப்பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குகிற வாசகர் மட்டுமே அப்பொழுது மிஞ்சியிருப்பார்.