பூர்வஜன்மத்துக்கு யார் சாட்சி?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், மூடா ஆறு கடலோடு கலக்கும் பகுதிக்கு அண்மையிலுள்ள புக்கிட் மெரியாமில், இடிந்து கிடந்த செங்கற் கட்டடம் ஒன்றினுள், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான ஜேம்ஸ் லோ எழுத்துப் பொறித்த கற்பலகை ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டெடுத்தார். மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ லிபியைச் சார்ந்தது, காலம் ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு என்பது அறிஞர் கருத்து. பிறவிக்குக் காரணம் கர்மமே என்றும், ஞானம் பிறந்தால் கர்மமும் அதன் வழியே பிறவியும் அற்றுப்போகும் என்றும் கூறும் பௌத்த சுலோகம் ஒன்று அதில் இருக்கிறது. அதற்குத் தெற்கே, அன்றைய வெல்லஸ்லி மாகாணத்தில், 1834ஆம் ஆண்டில் அவரே கண்டெடுத்த புத்தகுப்தன் என்னும் மாலுமியின் கல்லிலும் இதே சுலோகம் காணப்படுகிறது. ஆகவே, கெடாவாகிய பழங்கடாரத்து மண் நமக்குத் தந்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று அரசனுடைய வெற்றியைப் பற்றியதன்று, வணிகக் கணக்கும் அன்று. மனிதன் மறுபடி பிறக்கிறான் என்பதைப் பற்றியது.

அந்தக் கற்கள் பொறிக்கப்பட்டு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின், அதே கடாரத்துக்கு ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுக்கக் கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் புத்தகுப்தனைக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். ஆயினும் அவன் கல்லில் விட்டுச் சென்ற எண்ணத்தை அவர்கள் நெஞ்சில் சுமந்துகொண்டுதான் வந்தார்கள். ஊரில் விட்டு வந்த தாய் தந்தையரின் மரணச் செய்தி மாதக்கணக்கில் தாமதித்து வந்து சேர்ந்த காலத்தில், மலேரியாவுக்குப் பலியானவர்களைத் தோட்டத்து ஓரத்திலேயே புதைத்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய் நிற்க வேண்டியிருந்த காலத்தில், லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு குழந்தை பிறந்தால், ‘போன தாத்தாவே திரும்பி வந்துட்டாரு’ என்று பாட்டி சொன்னாள். காதோரத்து மச்சத்தைக் காட்டி, ‘அவருக்கும் இதே இடத்துலதான்’ என்றாள். போனவர் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். இருள் பிரியும் முன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்லும் தாய், ‘என்னப் பெத்த அப்பா, அழாத’ என்று கொஞ்சினாள். சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் இந்த வார்த்தைகளை இன்றைக்கும் கேட்கலாம். துக்கம் தாங்கும் ஒரு வழி அது. அதனிடம் போய் நிரூபணம் கேட்பது மனிதத் தன்மை ஆகாது.

ஆனால் நாலு வயதுக் குழந்தை ஒன்று, ‘இது எங்க வீடு இல்ல, நான் வேற எஸ்டேட்டுல இருந்தேன், ஆத்துல விழுந்து செத்துப்போனேன்’ என்று சொல்லி, அதைக் கேட்ட பெரியவர்கள் அது இன்னார்தான் என்று பெயர் சொல்லித் தீர்மானிக்கும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. அங்கே நம்பிக்கை, நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவமாக உருவெடுக்கிறது. சம்பவம் என்று வந்துவிட்டால் அதற்குச் சாட்சியம் வேண்டும். சாட்சியத்தைச் சோதிக்கவும் வேண்டும்.

இந்த வழக்கு தமிழுக்குப் புதிதன்று. முற்பிறப்புணர்வை மையமாகக் கொண்டே மணிமேகலைக் காப்பியம் நடக்கிறது. அதில் வரும் ஆபுத்திரன் சாவக நாட்டில் புண்ணியராசனாக மறுபடி பிறந்து, மணிபல்லவத் தீவுக்கு வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்புகளையே காண்கிறான். சாட்சியம் கேட்கும் மனம் அந்நாளிலேயே இருந்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதே காப்பியத்தில், வஞ்சி நகரத்துப் பூதவாதி மறுபிறவியை மறுத்து, முற்பிறப்பை அறிந்ததாகச் சொல்வது தெய்வ மயக்கமாகவோ கனவின் விளைவாகவோ இருக்கும் என்று மணிமேகலையிடமே கூறுகிறான். அவளோ, உன் தாய் தந்தையர் இன்னார் என்பதையும் நீ அனுமானத்தால்தானே அறிந்தாய் என்று திருப்பிக் கேட்கிறாள். நேரில் கண்டதை மட்டுமே ஏற்பேன் என்பவனுக்கு அது கூரிய பதில். ஆயினும் பெற்றோர் யார் என்பதற்குப் பிரசவம் பார்த்தவள் முதல் ஊரார் வரை சாட்சிகள் உண்டு. பூர்வஜன்மத்துக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று அந்தப் பூதவாதி மேலும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

அந்தக் கேள்வியை நம் காலத்தில் எடுத்துக்கொண்டவர் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் (1918–2007). 1961ஆம் ஆண்டில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது முதல், முற்பிறப்பைப் பேசும் குழந்தைகளின் வீடுகளைத் தேடித் தேடிப் போய், உற்றாரையும் அயலாரையும் விசாரித்து, குறிப்பெடுத்துச் சேர்த்தார். அப்பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய ஆய்வுப் பிரிவின் பதிவுகள் 2,500ஐத் தாண்டும். பெரும்பாலும் இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதில் குழந்தை பேசத் தொடங்குகிறது. ஏழெட்டு வயதுக்குள் மறந்துவிடுகிறது. இறந்தவரென்று சொல்லப்படுபவர் பல கதைகளில் விபத்திலோ கொலையிலோ அகால மரணம் அடைந்தவர். ஸ்டீவன்சன் தாம் கண்டவற்றை மறுபிறவிக்கு நிரூபணம் என்று சொல்லவில்லை. மறுபிறவியைச் சுட்டுவனபோல் தோன்றும் சம்பவங்கள் என்றே தம் 1966ஆம் ஆண்டு நூலுக்குப் பெயரிட்டார். அந்த அடக்கத்தை அவரை மேற்கோள் காட்டுவோர் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்நூலில் நம்மவர் கதை ஒன்றும் உண்டு. 1955ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிறந்த ஒரு தமிழ்ப் பெண் குழந்தை, ஏறத்தாழ நாலு வயதில், தன் குடும்பம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பகுதிக்குப் போனபோது, பூவேலை செய்த இரண்டு மெத்தைத் திண்டுகளைப் பார்த்து, ‘இது நான் செஞ்சது’ என்றது. செய்தவளோ அந்த வீட்டுக்கார அம்மாளின் சகோதரி, வேலூரில் 1949இல் காய்ச்சலால் இறந்தவள். அன்று முதல் குழந்தையின் நடையும் பேச்சும் அவளுடையவையாகவே அந்த அம்மாளுக்குத் தோன்றின. கேட்பவர் நெஞ்சை இளக்கும் செய்திதான். ஆனால் சற்று நிதானித்துப் பாருங்கள். குழந்தை வளர்ந்தது இறந்தவளின் சொந்தச் சகோதரியின் வீட்டில்; அங்கே அவளைப் பற்றிய பேச்சு எத்தனை முறை எழுந்திருக்கும், குழந்தையின் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்பதை யார் அறிவார்? தன்னைச் சுற்றியுள்ள பொருள்களை எல்லாம் ‘நான் செஞ்சது’ என்று சொல்லும் வயதும் அது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, சாயலை எல்லாம் கண்டுகொண்டது குழந்தையா, சகோதரியை இழந்த மனமா என்று பிரித்தறிய இன்று வழியில்லை.

1930களில் இந்தியா முழுவதும் பேசப்பட்ட சாந்திதேவியின் கதையிலும் இதே முடிச்சுத்தான். டெல்லியில் 1926இல் பிறந்த அவர், மதுராவில் பிரசவத்துக்குப் பின் இறந்த பெண் தாமே என்றார்; காந்தியடிகளின் கவனத்துக்கு வந்து, பிரமுகர் குழு ஒன்று 1935இல் அவரை மதுராவுக்கு அழைத்துச் சென்று, வழியையும் வீட்டையும் அவர் காட்டியதாக எழுதியது. ஆனால் குழு புறப்படும் முன்பே மதுராக் குடும்பத்தார் டெல்லிக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டார்கள். இரண்டு குடும்பங்களும் சந்தித்துவிட்ட பின், குழந்தை முன்பு என்ன சொன்னது, பின்பு என்ன கேட்டறிந்தது என்பது தண்ணீரில் கலந்த பாலாகிவிடுகிறது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். மேலே சொன்ன நாலு வயதுக் குழந்தை என்னென்ன சொல்லக்கூடும்? ‘எம் பேரு முனியாண்டி. கோயில் பக்கத்துல வீடு. செம்மண் ரோடு. அம்மா மரம் வெட்டப் போவாங்க. ஆத்துல விழுந்துட்டேன்.’ கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் கெடாவில் மாரியம்மன் கோயில் இல்லாத தோட்டம் எது? செம்மண் ரோடு இல்லாத லயம் எது? தாய்மார்கள் மரம் வெட்டப் போகாத வீடு எத்தனை? முனியாண்டி என்ற பெயர் எங்கே இல்லை? ஆற்றிலோ கிணற்றிலோ பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் எந்த வட்டாரத்தில் இல்லாமற் போயிற்று? இத்தனையும் சரியாக இருந்தாலும் ஒன்றும் சொன்னதாகாது. ஏனெனில் அவை எல்லாத் தோட்டங்களுக்கும் பொருந்துவன. தேடிப் போகிறவர்கள் பொருந்தும் குடும்பம் கிடைக்கும் வரை தேடுகிறார்கள். கிடைத்ததும் பொருந்தாதவற்றை மறந்துவிடுகிறார்கள். இதில் பொய் சொல்பவர் ஒருவரும் இல்லை. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கிறது.

கதைகள் அந்தந்தச் சமூகத்தின் நம்பிக்கையையே பின்பற்றுகின்றன என்பது மற்றொரு வலுவான ஐயம். ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் பிறக்கலாம் என்று நம்பும் பர்மாவில் அத்தகைய குழந்தைகள் பலர் காணப்பட்டார்கள். அப்படி நடவாது என்று நம்பும் லெபனான் துரூஸ் மக்களிடையே அத்தகைய கதை கிடைக்கவில்லை என்பது ஸ்டீவன்சனே எழுதிய செய்தி. கெடாவின் வடக்கு எல்லைக்கு அப்பால் தாய்லாந்தில், இறந்தவர் உடம்பில் கரியால் அடையாளமிட்டு, பின்னர் பிறக்கும் குழந்தையிடம் அதே இடத்தில் மறு இருக்கிறதா என்று தேடும் வழக்கமும் பதிவாகியிருக்கிறது. தேடுகிறவர் கண்ணுக்கு மறு அகப்படாத குழந்தை அபூர்வம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் சி. டி. கே. சாரி, மறுபிறவியை நம்பும் நாட்டிலிருந்தே இந்த ஆதாரங்களைக் கண்டித்து எழுதியவர்களுள் முக்கியமானவர். இயற்கையின் விதி ஒன்றாக இருந்தால், அது எல்லைக்கோட்டைத் தாண்டும்போது உள்ளூர் வழக்கத்துக்கு ஏற்ப மாறுவானேன்?

நியாயம் பேசுபவர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். குழந்தையின் வார்த்தைகளை முன்கூட்டியே எழுதி வைத்து, பிறகு சரிபார்க்கப்பட்ட இலங்கைச் சம்பவங்கள் மூன்றை ஸ்டீவன்சனும் அவருடைய உடனாய்வாளர் சமரரத்னவும் 1988இல் வெளியிட்டார்கள். இவற்றை ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆயிரக்கணக்கான பதிவுகளுக்கிடையே இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டவை மிகச் சிலவே. நிரூபணம் ஆகவில்லை என்பதே என் தீர்ப்பு. பேசும் குழந்தையையும் நம்பும் தாயையும் ஏளனம் செய்ய அது எவருக்கும் உரிமை தராது.

என் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்ற ஒரு வாக்கியம், தோட்டத்துத் தமிழனின் அரைவயிற்றுக் கூலிக்கும், ஒழுகும் லயத்துக்கும், கள்ளுக்கடையில் கரைந்த சம்பளத்துக்கும் பல தலைமுறைகளாக விளக்கமாக நின்றது. 1946–47ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமியின் தலைமையில் எழுந்த தொண்டர் படை, கெடாவில் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் புறப்பட்டபோது, தங்கள் துன்பத்துக்குக் காரணம் பூர்வஜன்மத்தில் இல்லை, கண்முன்னேதான் இருக்கிறது என்பதை அந்த ஏழை மக்கள் செயலில் காட்டினார்கள். ஊனத்தோடு பிறந்த குழந்தையின் தாயிடம் அதே வாக்கியத்தைச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதைவிடக் கொடிய சொல் ஒன்றை நான் அறியேன்.

அந்தப் பாவத்துக்கு விலையும் உண்டு. தமிழகத்திலிருந்து மலேசிய நகரங்களுக்கு வந்து தங்கிப் பார்க்கும் நாடி ஜோதிடர் ஒருவர் முன் உட்கார்ந்து கவனித்தால் முறை விளங்கும். ஆணுக்கு வலக் கட்டைவிரல், பெண்ணுக்கு இடக் கட்டைவிரல் ரேகை பெற்று, ஓலைக்கட்டு கொண்டுவரப்படுகிறது. ‘ஆமாம், இல்லை’ என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறார். தந்தை பெயர் ‘க’வில் தொடங்குமா? இல்லை, ஓலை புரள்கிறது. தெய்வப் பெயரா? ஆமாம். உடன்பிறந்தார் மூவரா? இல்லை, மற்றோர் ஓலை. இவ்வாறு பல ஓலைகள் தள்ளப்பட்டபின் நம் வாயிலிருந்தே வந்த விவரங்கள் அனைத்தும் ராகம் போட்டுத் திரும்ப வாசிக்கப்படுகின்றன. அதற்குப்பின் சாந்தி காண்டத்தில் முற்பிறவிப் பாவம் வருகிறது, பரிகாரச் செலவும் வருகிறது. படித்தவர்கள் நாடும் ஹிப்னாடிசமும் இதற்கு விலக்கன்று. 1952இல் அமெரிக்கப் பெண் ஒருத்தி அந்த மயக்கத்தில் பிரைடி மர்ஃபி என்னும் அயர்லாந்துக்காரியாகப் பேசியது உலகப் பரபரப்பாயிற்று. அவளுடைய குழந்தைப் பருவத்தில் எதிர்வீட்டில் அதே பெயருடைய ஐரிஷ் மாது வாழ்ந்தாள் என்று பத்திரிகையாளர்கள் பின்னர் எழுதினார்கள். கேட்டது நினைவில் நிற்கும். எங்கே கேட்டோம் என்பது மறந்துபோகும்.

ஆகவே கெடாவிலோ வேறெங்கோ உள்ள வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் குழந்தை தன் பழைய வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அடிக்கவும் வேண்டாம், கூட்டம் கூட்டிக் காட்டவும் வேண்டாம். ‘உன் பேரு முனியாண்டியா?’ என்று நீங்களாக விடையை ஊட்டாமல், அது சொல்வதை அது சொன்னபடியே, தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள், பொருந்தாதவற்றையும் எழுதுங்கள். எந்தக் குடும்பத்தையும் தேடிப் போகுமுன் அந்த நோட்டை நம்பிக்கையுள்ள ஓர் ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ காட்டிக் கையெழுத்துப் பெறுங்கள். குழந்தை அஞ்சி அழுதால் ஜோதிடரிடம் போகாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். பரிகாரத்துக்கென்று ஒரு காசும் கொடுக்காதீர்கள்.